நீர் வழங்குவோர்க்குரிய பயிற்சி

உலகத்துத் தொழில்களுட் செய்வோன் பிழைத்தால் அவனோடும் அவன் கைப்பொருளோடும் ஒழிவனவும் உண்டு. ஊர்முழுதையும் தொடர்வனவும் உண்டு. தச்சன் பிழைத்தால் ஒரு கதவு கோணும். தையற்காரன் பிழைத்தால் ஓர் உடை கெடும். ஓர் ஊருக்குக் குடிநீர் வழங்குவோன் பிழைத்தாலோ, அன்று மாலைக்குள் அப்பிழை ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும் நிறைந்து நிற்கும். இங்ஙனமாகவும், வைத்தியர்க்கும் வழக்கறிஞர்க்கும் ஆண்டுக்கணக்கிற் கல்வியும் பரீட்சையும் வகுத்த நம் சமூகம், கிராமங்களில் நீர் வழங்குவோனது அறிவைப் பற்றி அத்துணைக் கவலை கொண்டதாகத் தோன்றவில்லை. நீர் வந்தால் அவனை நினையாதிருத்தலும், நீர் வாராதொழியின் அவனை வைதலுமே நம் வழக்கமாயிருக்கின்றன. இக்குறையைப் பற்றி எமக்குத் தோன்றிய சில கருத்துக்களை நம் கல்லூரிச் சஞ்சிகை வாயிலாக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் தெரிவிக்க விரும்புகின்றோம்.

நீர்த்துறையிற் பயிற்சியே இல்லை என்று யாம் கூறவில்லை. பயிற்சி முகாம்கள் நடவாமலில்லை. மாவட்டத் தலைநகரில் ஒரு மண்டபம். மேடையின் பின்னே ஒரு பதாகை. பல ஊராட்சிகளினின்றும் அழைக்கப்பெற்ற நூறு பேர். முற்பகலில் மூன்று சொற்பொழிவுகள். பிற்பகலில் உணவும் சான்றிதழும் ஒரு புகைப்படமும். மாலைப் பேருந்தில் ஊர் திரும்புதல். அவற்றுட் பல இவ்வளவில் முடிவனவே. வந்தவர் அனைவரும் ஒரே வகை நிலத்தில் வாழ்பவரல்லர். ஒரே வகைக் கருவியைக் கையாள்பவருமல்லர். ஒருவர் எஞ்சினீயர், ஒருவர் எழுத்தர், மற்றொருவர் மோட்டாரை இயக்குபவர். பாடமோ எல்லார்க்கும் ஒன்றே. ஒரே அளவிற் சட்டைகளைத் தைத்து ஊரார் அனைவர்க்கும் பங்கிட்டாற் போல்வது இது. சிலர்க்கு நீளும், சிலர்க்குக் குறுகும், பொருந்துவது யாரோ ஒருவர்க்கே.

ஆதலின் எம் வாதம் யாதெனின், பயிற்சியானது அதனைப் பெறுவோன் நிற்கும் நிலத்தையும், அவன் கையாளும் கருவியையும், அவன் வகிக்கும் பொறுப்பையும் அளந்தறிந்து வகுக்கப்பெறுதல் வேண்டும். அதுவும் கடைநிலை ஊழியனிடத்திருந்து தொடங்கி மேற்செல்லுதல் வேண்டும் என்பதே.

பொதுப்பட மொழிவதினும் ஓர் ஊரைச் சுட்டி விளக்குதல் நலமாதலின், அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்தை எடுத்துக்கொள்வாம். விருத்தாசலத்துக்கும் ஜயங்கொண்டத்துக்கும் இடையே அமைந்து, ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குத் தலைமையிடமாக விளங்குவது இவ்வூர். செம்மண்ணும் முந்திரித் தோப்பும் இப்பகுதியின் அடையாளங்கள். வழிப்போக்கராய் வந்த ஆண்டிகள் தங்குதற்குரிய மடம் ஒன்றனை இவ்வூர்ப் பெயரே நினைவூட்டுகின்றது. நடைக்களைப்போடு வந்தவனுக்கு எந்த மடமும் முதற்கண் அளிப்பது ஒரு செம்பு நீரன்றோ? மாவட்டத்தின் தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் ஓடுகின்றன. இடைப்பட்ட மேட்டு நிலமோ வடகிழக்குப் பருவமழையையும் நிலத்தடி நீரையுமே பெரிதும் நம்பி வாழ்வது.

இந்நிலத்தின் இயல்பைச் சற்று நோக்குவாம். பெரம்பலூரை ஒட்டிய மேற்குப் பகுதி பெரும்பாலும் கடும்பாறையாலாயது. அங்கே ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஊறுவது பாறையின் வெடிப்புகளினூடே. மேல்மண் சரியாதபடி சிறிது ஆழம்வரை கேசிங் குழாய் இறக்கினாற் போதும். அதன்கீழ்ப் பாறையே சுவராய் நிற்கும். அரியலூரைச் சூழ்ந்த பகுதி, மிகப் பழங்காலத்தே கடல் பரந்து கிடந்து பின்னர் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் நிலம். சிமெண்டுத் தொழிற்சாலைகள் அங்கே பெருகியதற்கு அதுவே காரணம். அத்தகைய நிலத்து நீர் கடினமாதல் இயல்பு. பாத்திரத்தில் வெண்படிவும் நாளடைவிற் குழாயில் அடைப்பும் உண்டாம். கிழக்கே ஆண்டிமடம், ஜயங்கொண்டம் பக்கத்திலோ, நிலநூலார் 'கடலூர் மணற்கல்' என்று பெயரிட்டழைக்கும் அடுக்கு பரவியிருக்கின்றது. இது கடும்பாறை போல் இறுகியதன்று. ஆதலின் கிணற்றின் அடிவரையிற் குழாய் இறக்கி, நீருள்ள அடுக்கிற்கு நேரே துளையிட்ட குழாயை வைத்து, அதனைச் சுற்றிக் கூழாங்கல் நிரப்புதல் வேண்டும். அதனைச் செவ்வனே செய்யாவிடினும், கிணறு தரக்கூடிய அளவிற்கு மிஞ்சி இறைப்பினும், நீரோடு மணலும் ஏறிவந்து நீர்மூழ்கி மோட்டாரின் உட்சக்கரங்களை அரித்துவிடும். இனிக் கொள்ளிடக் கரையிலோ, ஆற்றின் மணற்படுகையினின்று நீர் எடுத்தல் வேறொரு கலையாம்.

ஒரு நாளைக்குள் பேருந்தில் ஏறியிறங்கிக் கடந்துவிடத்தக்க தூரத்துள் இத்துணை வேறுபாடு உண்டாயின், நால்வகை நிலத்தாரையும் ஒரு மண்டபத்தில் இருத்தி ஒரே பாடத்தை ஓதுதல் எங்ஙனம் பொருந்தும்? கடும்பாறை நிலத்தான் கற்ற பாடத்தை மணற்கல் நிலத்தான் அப்படியே மேற்கொண்டால், அவன் கிணறு தூர்ந்துபோம். கிணறு தூர்ந்தபின் புதுக் கிணறு வெட்டுதற்குச் செலவாகும் பணத்தில், அவ்வொன்றியத்து ஊழியர் பலர்க்கும் பலமுறை பயிற்சி அளித்திருக்கலாம் என்பதை ஊராட்சியின் கணக்கேட்டைப் புரட்டுவோர் எவரும் உணர்வர்.

இனி நிலத்தையும் கருவியையும் விடுத்து, மருந்துக்கு வருவாம். ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குபவர், ஊரார் வழக்கில் 'டேங்க் ஆபரேட்டர்' எனப்படுபவர், செய்யுங் கடமைகளுட் தலையாயது நீரிற் குளோரின் சேர்த்தலாகும். 30,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றனைக் கொள்க. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டுமாயின், தொட்டிக்கு 60 கிராம் குளோரின் தேவை. நூற்றுக்கு 30 பங்கு குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பொடியானால் 200 கிராம் போதும். ஆனால் அப்பொடி காற்றும் ஈரமும் வெயிலும் படப்பட வலிவிழக்கும் தன்மையது. மூட்டையின் வாய் திறந்தபடியே மோட்டார் அறையின் மூலையிற் சில மாதம் கிடந்து, நூற்றுக்கு 10 பங்காக அதன் வலிவு குறைந்துபோனால், அதே தொட்டிக்கு 600 கிராம் வேண்டும். முகாமிற் கேட்டபடி 200 கிராமையே நாள்தோறும் தவறாது போட்டுவரும் ஊழியன், தன் கடமையைச் செவ்வனே செய்வதாக நம்பிக்கொண்டே, வேண்டியதில் மூன்றிலொரு பங்கையே ஊருக்கு அளித்து வருவான். அவன்மேற் குற்றம் யாது? அளவைச் சொன்னவர், அவ்வளவின் காரணத்தைச் சொல்லவில்லை. பொடியின் வலிவை அறியும் வழியையும் கற்பிக்கவில்லை.

இதுவுமன்றி, பொடியைத் தொட்டியில் அப்படியே கொட்டலாகாது. வாளியிற் கரைத்துத் தெளியவைத்துத் தெளிந்த நீரையே சேர்த்தல் வேண்டும். அரைமணி நேரமாயினும் கழிந்த பின்னரே வால்வைத் திறத்தல் வேண்டும். அன்றேல் மருந்து கிருமியைக் கொல்லப் போதிய காலம் இராது. குழாயின் கடைக்கோடி வீட்டிலும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சி நிற்றல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரவிதி. இதனை அறிதற்கு ஒரு துளி மருந்தும் நிறம் ஒப்பிடும் ஒரு சிறு கருவியும் போதும். தொட்டியடியிற் சோதித்தாற் போதாது. கடைக்கோடியிற் சோதித்தல் வேண்டும். ஏனெனின், நாளுக்குச் சில மணி நேரமே நீர் விடும் ஊர்களில், நீர் நின்றபின் குழாயினுள் அழுத்தம் குறையும். அப்பொழுது குழாயில் வெடிப்பிருந்து, பக்கத்திலே சாக்கடையும் இருக்குமாயின், அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். இவற்றுள் எதுவும் பெரிய கல்வியன்று. எழுத்தறிந்த எவரும் சின்னாளிற் கற்கத்தக்கதே. கற்பிப்பாரின்மையே குறை.

'சிறு விஷயத்தைப் பெரிதாக்குகின்றீர்' என்று கருதுவோர்க்குக் கானடா தேசத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவாம். ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்பது ஏறத்தாழ ஐயாயிரம் மக்கள் வாழும் சிற்றூர். செல்வமும் விஞ்ஞானமும் மிக்க நாடு அது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்திற் பெருமழை பெய்தபோது, மாட்டுப் பண்ணை ஒன்றன் சாணக் கழிவிலிருந்த கிருமிகள் ஊருக்கு நீர் அளித்த ஆழமில்லாக் கிணறொன்றிற் கலந்தன. குளோரின் வேண்டிய அளவு சேர்க்கப்படவில்லை. நாள்தோறும் சோதித்ததாகப் பதிவேட்டில் எழுதப்பட்ட எண்களோ பொய்யானவை. ஏழு பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நீதிபதி டென்னிஸ் ஓக்கானர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2002-ல் வெளிவந்தது. நீர்நிலையத்தை நடத்தியோர் பரீட்சையின்றிப் பழக்கத்தையே தகுதியாகக் காட்டி உரிமச் சான்று பெற்றவர் என்பதும், அக்கிணறு மேல்நீராற் கெடக்கூடியது என்பதை உணரும் பயிற்சி அவர்க்கில்லை என்பதும் அதனால் வெளியாயின. பொய்யெழுதியது பெருங்குற்றமே, அதனை மறைத்தற்கில்லை. ஆயினும், குளோரின் எதற்கு என்பதை உள்ளவாறு உணர்ந்தவன் அவ்வெண்ணைப் பொய்யாக எழுதக் கைந்நடுங்கியிருப்பான் அல்லனோ? காரணம் அறியாதவனுக்குப் பதிவேடு வெறுங் கட்டளை. காரணம் அறிந்தவனுக்கோ அஃது ஊராரின் உயிர்க்கணக்கு. இத்துன்பத்தின் பின்னர் அம்மாகாணம் நீர்நிலைய ஊழியர்க்குரிய பயிற்சி விதிகளையும் சான்றிதழ் விதிகளையும் கடுமையாக்கியது. 2004-ல் அதே வாக்கர்ட்டனில் ஒரு பயிற்சி நிலையத்தையும் நிறுவியது. ஏழுயிரை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் விலையின்றிக் கற்கலாமன்றோ?

இஃது அயல்நாட்டிலிருந்து நாம் கடன்வாங்க வேண்டிய கருத்தும் அன்று. நம் ஏரிப் பாசனத்து ஊர்களில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி, மடையன் என்று இடத்துக்கு இடம் வேறு பெயர் பெற்ற ஊழியர் இருந்தனர். சிலவிடங்களில் இன்றும் உளர். எம்மடையை எப்பொழுது எவ்வளவு திறப்பது, கடைமடை வயலுக்கு நீர் சேர எத்துணை நாழிகை ஆகும், கரையில் எவ்விடம் இளகியது என்பவற்றைத் தந்தையின் பின்னே கரைமேல் நடந்து நடந்து மகன் கற்றான். அக்கல்வி அவ்வேரிக்கே உரியது. அடுத்த ஏரிக்குச் செல்லாது. பிறப்பால் தொழிலை வரையறுத்த அம்முறையின் குறையை யாம் போற்றவில்லை. எனினும், கற்குமிடமும் தொழில் செய்யுமிடமும் ஒன்றாயிருந்தமை அதன் சிறப்பு என்பதை மறுத்தற்கில்லை.

ஊராளும் சபையிலும் தகுதி நோக்கப்பட்டது. முதற் பராந்தக சோழன் காலத்தனவாய், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விரித்துக் கூறுகின்றன. வயதும் நிலமும் கல்வியும் தகுதிகளாக வகுக்கப்பட்டன. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர். அவ்விதிகள் ஊரார் பலரை வெளியே நிறுத்தின என்பது உண்மை. அவற்றை அப்படியே மீட்க இக்காலத்தார் விரும்பார். ஆயினும், நீரைக் காப்போன் தகுதியும் பொறுப்பும் உடையனாதல் வேண்டும் என்ற கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டிற் கல்லிற் பொறிக்கப்பட்டது என்பது நினைக்கத்தக்கது.

ஆங்கில ஆட்சிக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. வடநாட்டிற் கங்கைக் கால்வாயை வெட்டத் தொடங்கியபோது, அப்பெருவேலைக்கு வேண்டிய எஞ்சினீயர்களும் மேற்பார்வையாளர்களும் போதாமையால், 1847-ல் ரூர்க்கியில் ஓர் எஞ்சினீயரிங் கல்லூரி நிறுவப்பட்டது. வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே கல்லூரி அமைந்தது. எஞ்சினீயர்க்கும் கீழ்நிலை மேற்பார்வையாளர்க்கும் தனித்தனி வகுப்புக்கள் வகுக்கப்பட்டன. 1854-ற் கால்வாய் திறக்கப்பட்டது. இந்நாளில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் ஒன்றாக விளங்கும் அந்நிலையம், தொடக்கத்தில் ஒரு கால்வாயின் தேவைக்கென அளந்து வகுக்கப்பட்ட பயிற்சியேயாம்.

இதுகாறும் கடைநிலை ஊழியரையே பெரிதும் பேசினோம். மேனிலை உத்தியோகஸ்தர்க்குப் பயிற்சி வேண்டாவோ எனின், வேண்டும். ஆனால் அது வேறு வகையது. எஞ்சினீயர்க்குக் குழாயின் குறுக்களவும் மோட்டாரின் வலியும் கல்லூரியிலேயே கற்பிக்கப்பட்டன. கற்பிக்கப்படாதது ஒன்று: ஊராரோடு ஒக்க இருந்து அவர் சொல்வதைக் கேட்டல். இக்குறையை நம் மாநிலமே ஒருகால் உணர்ந்து திருத்த முயன்றது. 1971-ல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில், 2004-ஆம் ஆண்டையொட்டி, வாரியத்து எஞ்சினீயர்களின் மனப்பான்மையையே மாற்ற முனைந்த ஒரு முயற்சி எழுந்தது. ஆட்சிப் பணியாளரான விபு நாயரும் வழக்கறிஞரான வி. சுரேஷும் அதில் முன்னின்றனர். அம்முயற்சிக்கு அவர்கள் மேற்கொண்ட வழி 'கூடம்' என்ற பழந்தமிழ்ப் பெயராலேயே வழங்கியது. கூடத்தில் மேலதிகாரியும் கீழதிகாரியும் பதவி வேறுபாடின்றி வட்டமாக அமர்வர், ஒவ்வொருவரும் பேசுவர், ஒவ்வொருவரும் கேட்பர். தலைமை நாற்காலி என்பது அங்கில்லை. அவ்வாறு கூடிக் கலந்ததன் பயனாக, தம் தொழிலின் நோக்கத்தை மறைமலைநகர்ப் பிரகடனமாக அவர்கள் வெளியிட்டனர். பின்னர்த் தம்மிடையே பழகிய கூடத்தைக் கிராமங்களுக்கும் கொண்டு சென்றனர்.

இம்முயற்சியின் பொருளை நன்கு நோக்குக. வெளியிலிருந்து வந்த ஒருவர் மேடைமேல் நின்று, 'நீங்கள் இவ்வாறு மாறுக' என்று போதிக்கவில்லை. குடிநீர்த் திட்டங்கள் ஏன் பாழாகின்றன என்று எஞ்சினீயர்களே தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர். புதிய திட்டத்தையே எந்நேரமும் எண்ணாது, முன்னிருந்த தொட்டியையும் கிணற்றையும் செப்பனிட்டுப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் ஊராரோடு பேசியதனாற் பிறந்தது. ஊரிலும், பெண்டிரும் சேரி மக்களும் பேசுதற்குரிய இடம் அக்கூடத்தில் வகுக்கப்பட்டது. குழாயின் கடைக்கோடியில் இருப்பவர் பெரும்பாலும் சமூகத்தின் கடைக்கோடியிலும் இருப்பவரே என்ற உண்மையை எந்த எஞ்சினீயரிங் நூலும் கற்பிப்பதில்லை. அக்கடைக்கோடி வீட்டுத் திண்ணையே அதனைக் கற்பிக்கும். ஒரு நிறுவனத்தின் நோயை அறிந்து அந்நிறுவனத்துக்கென்றே வகுக்கப்பெற்ற பயிற்சிக்கு இதனினும் சிறந்த உதாரணம் நம்மிடையே இல்லை என்பது எம் துணிபு.

பாசனத் துறைக்கென நம் அண்மையிலேயே ஒரு நிலையம் உண்டு. திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த துவாக்குடியில் 1984-ல் நிறுவப்பெற்ற பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம், எஞ்சினீயர்க்கும் வேளாண்மை அலுவலர்க்கும் உழவர்க்கும் பயிற்சி அளிக்கும் நோக்கமுடையது. பாசன முறைகளை உழவரே மேலாண்மை செய்தற்கு 2000-ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், உழவர்க்கும் இத்தகைய பயிற்சி இன்றியமையாததாயிற்று. கடல்கடந்த நாடுகளை நோக்கின், நெதர்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் 1957-ல் தொடங்கிய நீர்க்கல்வி நிலையம் பல தேசத்து எஞ்சினீயர்களைப் பயிற்றி வருகின்றது. ஒரு நிறுவனம் வேண்டினால், அதன் குறையை முதலில் ஆராய்ந்து, அதற்கேற்பப் பாடம் வகுத்து, அந்நாட்டுக்கே சென்று கற்பித்தலும் அந்நிலையத்தின் வழக்கம். கேட்டறிதல் முன்னும் கற்பித்தல் பின்னுமாக அமைந்த இவ்வொழுங்கே நாம் கைக்கொள்ளத்தக்கது.

இப்பொழுது இதனை வற்புறுத்துதற்குக் காரணமும் உண்டு. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தால், கிராமத்து வீடுதோறும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் குழாய்வழி அளிப்பது என்ற குறிக்கோள் ஏற்பட்டது. தெருக்குழாயில் நின்ற நீர் முற்றத்துக்கு வரலாயிற்று. ஊர்தோறும் பெண்டிர் ஐவர்க்கு நீரைச் சோதிக்கும் பயிற்சியும் கருவியும் அளித்தல் என்பது அவ்வியக்கத்தின் நல்ல கூறுகளுள் ஒன்று. ஆனால் குழாய் பதித்தல் ஒருமுறைச் செயல். நீர் வழங்கல் நாள்தோறுஞ் செயல். குழாய்க்கு ஒதுக்கிய பணத்தை நோக்க, குழாயை நடத்தும் கைக்கு ஒதுக்கும் பணம் எவ்வளவு என்று கேட்பார் சிலரே. வீணையைப் பொன்கொடுத்து வாங்கிவிட்டு, மீட்டக் கற்பியாதுவிட்டால் யார்க்கென்ன பயன்?

இதனை மறுப்போர் கூறும் தடைகளையும் ஆராய்வாம். 'நீரின் தன்மை எங்கும் ஒன்றே; ஆதலிற் பொதுப் பாடமே போதும்' என்பர் ஒரு சாரார். நீரின் தன்மை ஒன்றாயினும், அது கிடக்கும் நிலமும் அதனை ஏற்றும் கருவியும் வேறு என்பதை முன்னரே காட்டினோம். பொதுப் பாடம் அடித்தளமாக இருக்க. அதன்மேல் வீடு அவ்வவ்விடத்துக்கு ஏற்பக் கட்டப்படுக.

'இருக்கின்ற ஊழியரோ ஓரிருவர். அவரையும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் மோட்டாரை யார் போடுவார்?' என்பர் மற்றொரு சாரார். இது மெய்யான தடை. அதனாலேயே, ஊழியன் ஆசிரியனிடம் செல்லாது ஆசிரியன் தொட்டியடிக்கு வருதல் வேண்டும் என்கின்றோம். நீரேறும் நேரத்திலேயே இரண்டு மணி நேரம் பாடம் நடக்கலாம்; கரும்பலகைக்கு மாற்றாக வால்வும் மோட்டாரும் பிளீச்சிங் பொடியும் இருக்கும்.

'பயிற்சி பெற்றவன் வேறு வேலை தேடிப் போய்விடுவான்' என்பர் வேறு சிலர். போதலும் கூடும். சிறு ஊதியத்துக்குப் பெரும் பொறுப்பைச் சுமப்பவனைப் பயிற்சி மாத்திரம் கட்டி நிறுத்தாது. அறிவு உயருங்கால் ஊதியமும் உயருதல் நியாயம். ஆனால் பயிலாதவன் போகாது நிலைத்தே நிற்பானாயின், ஊருக்கு அது நன்மையோ?

'இனிக் கருவிகளே யாவற்றையும் அளந்து தெரிவித்துவிடும். மனிதர்க்குப் பயிற்சி எற்றுக்கு?' என்பாரும் உளர். அளக்குங் கருவியை யாமும் வரவேற்கின்றோம். ஆனால் கருவி காட்டும் எண்ணின் பொருளை அறிவானும், கருவி பழுதுற்றதை உணர்வானும், உணர்ந்தபின் வால்வை மூட ஓடுவானும் மனிதனே.

இனி, செய்யத்தக்கவை யாவை என்று கூறி முடிப்பாம். ஆண்டிமடம் ஒன்றியத்தையே மனத்திற் கொண்டு கூறுகின்றோம். பிறவிடத்தார் தம் நிலத்துக்கேற்ப மாற்றிக்கொள்க. முதலாவது, பாடம் வகுக்குமுன் ஒவ்வொரு தொட்டிக்கும் சென்று, கிணறு எவ்வகை, மோட்டார் எவ்வகை, எவ்விடத்தில் நீர் எட்டவில்லை, இயக்குபவர்க்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்டெழுதுதல் வேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு பெரிய முகாமை விடுத்துப் பருவத்துக்கு ஏற்ற சிறு வகுப்புக்களை நடத்துதல் வேண்டும்: ஐப்பசி மழைக்கு முன்னே குளோரினும் வெள்ளநீர்க் கலப்பும், கோடைக்கு முன்னே கிணற்று நீர்மட்டமும் மணலேற்றமும் குழாய்க் கசிவும். மூன்றாவது, தெளிந்த தமிழில் ஒரு சிறு கைந்நூல். அதனோடு, நீரேற்றிய நேரம், நீர்மட்டம், கடைக்கோடிக் குளோரின் ஆகியவற்றை எழுதும் ஒரு பதிவேடு. நான்காவது, கற்பித்தவர் மூன்று திங்கள் கழித்து மீண்டும் வந்து பார்த்தல் வேண்டும். சான்றிதழ் எத்தனை வழங்கினோம் என்பதன்று கணக்கு. கடைக்கோடிக் குழாயில் நல்ல நீர் வருகின்றதா என்பதே கணக்கு. ஐந்தாவது, ஆண்டுக்கொருமுறையேனும் எஞ்சினீயரும் ஊராட்சித் தலைவரும் தொட்டி இயக்குபவரும் நீரைச் சோதிக்கும் பெண்டிரும் கூடத்தில் வட்டமாக அமர்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டல் வேண்டும்.

இப்பணியில் நம் கல்லூரிக்குப் பங்கில்லையோ? ரசாயன மாணவர், நீரின் கடினத்தையும் அதிலுள்ள உப்பையும் அளக்கும் வித்தையை ஆய்வுக்கூடத்திற் கற்கின்றனர், அதே வித்தையை விடுமுறையில் ஒரு கிராமத்துக் கிணற்றுக்கு எடுத்துச்செல்லின், பாடமும் நிலைக்கும், ஊரும் பயனுறும். பௌதிக மாணவர் மோட்டாரின் மின்செலவைக் கணக்கிட்டுக் காட்டலாம். தமிழ் மாணவர், வல்லுநர் கூறுவதை ஊழியர் மொழியில் எழுதித் தரலாம்; எளிய தமிழ் எழுதுதல் அரிய கலை என்பதை அப்பொழுது அறிவர். ஆனால் மாணவ நண்பர்காள்! கற்பிக்கப் போகின்றோம் என்ற செருக்கோடு செல்லற்க. அத்தொட்டியைப் பத்தாண்டு இயக்கியவனுக்கு அவ்வூர்க் குழாயைப் பற்றித் தெரிந்தது நமக்குத் தெரியாது. முதற்கண் கேளுங்கள், பின்னரே கூறுங்கள். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்ற பழமொழி நம்மை நோக்கிக் கூறியதே என்று கொள்ளுங்கள்.

பழைய மாணவருள் எஞ்சினீயராகவும் ஊராட்சி அலுவலராகவும் ஆசிரியராகவும் அமர்ந்திருப்போர் பலர் இருத்தல் கூடும். அவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை பயிற்சி ஒன்றனைத் திட்டமிடும்போது, மண்டபத்தின் வாடகையை விசாரிக்குமுன், தொட்டியை இயக்குபவர் ஒருவரை அழைத்து, 'உமக்கு எது தெரிந்தால் உம் வேலை செவ்வையாகும்?' என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வியினின்றே நல்ல பாடத்திட்டம் தோன்றும். ஊர் நீரைத் தன் கையிற் கொண்டவனை அறிவிலியாக விட்டுவைத்துக்கொண்டு, நாம் மாத்திரம் கற்றவராயிருத்தல் நமக்குப் பெருமையாகாது. அவனும் நாமும் குடிப்பது ஒரே நீர்.